சட்டம் எழுதிய பிரபுக்கள், சம்பளத்துக்கு ஆடிய தோட்டக்காரர்கள்

1727 ஜூலையில் இரண்டு கிரிக்கெட் ஆட்டங்களுக்காக ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஒரு பக்கம் சசெக்ஸில் குட்வுட் மாளிகையின் சொந்தக்காரர், இரண்டாம் ரிச்மண்ட் டியூக் சார்ல்ஸ் லெனாக்ஸ். எதிர்ப்பக்கம் சர்ரேயில் பெப்பர் ஹாரோ பண்ணையைச் சேர்ந்த ஆலன் பிராட்ரிக். மொத்தம் 16 ஷரத்துகள். கிரிக்கெட்டுக்கு எழுத்து வடிவில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய விதிகள் இவைதான்.

அணிக்குப் பன்னிரண்டு பேர். விக்கெட்டுகளுக்கு நடுவே 23 கெஜ தூரம். ரன் எடுக்கிறவர் நடுவரின் கோலைத் தொட்டால்தான் அது கணக்கு. ஆட்டத்துக்குப் பன்னிரண்டு கினி. ஒரு கினி என்பது ஒரு பவுண்டும் ஒரு ஷில்லிங்கும். பிராட்ரிக் தன் வீட்டிலிருந்து மூன்று மைல் சுற்றளவில் குடியிருப்பவர்களை மட்டுமே சேர்த்துக்கொள்ளலாம். அதிலும், கடந்த மார்ச் 25 அன்று அவர்கள் அங்கேயே வசித்திருக்க வேண்டும். நல்ல ஆட்டக்காரரைக் கடைசி நேரத்தில் வெளியூரிலிருந்து இறக்கிவிடக் கூடாது என்ற ஜாக்கிரதை அது. அப்புறம் ஒரு ஷரத்து வருகிறது: ஆட்டக்காரர் யாராவது ஆட்டத்தின் எந்த விஷயத்தைப் பற்றியாவது வாய் திறந்து கருத்துச் சொன்னால் அவரை வெளியே அனுப்பிவிட வேண்டும். டியூக்குக்கும் பிராட்ரிக்குக்கும் மட்டும் இது பொருந்தாது.

இந்தப் பதினாறு ஷரத்துகளையும் பந்தயப் பத்திரமாகத்தான் நான் படிக்கிறேன். இரண்டு பணக்காரர்கள் பணம் கட்டுகிறார்கள். ஆடப்போகிறவர்களில் பெரும்பாலோர் அவர்களுடைய வேலைக்காரர்களும் அக்கம்பக்கத்துக் குடியானவர்களும். பின்னால் சண்டை வராமல் இருக்க எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வைக்கிறார்கள். கிரிக்கெட்டின் சட்டம், நடுவர், சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர் ஆகிய மூன்றும் இந்த ஏற்பாட்டிலிருந்து வளர்ந்தவை. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரபுக்களைப் பற்றிப் பேசும்போது பணம் செலவழித்த ரசிகர்கள் என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். அவர்கள் பணத்தோடு நிற்கவில்லை. ஆட்டத்தின் உருவத்தையே தங்கள் தேவைக்கு ஏற்ப வார்த்தார்கள்.

ஆட்டம் அவர்களுடையதாகத் தொடங்கவில்லை. 1598இல் கில்ட்ஃபோர்டில் ஒரு நிலத் தகராறு வழக்கில் ஜான் டெரிக் என்பவர் சாட்சி சொன்னார். பள்ளிச் சிறுவனாக இருந்தபோது அந்த நிலத்தில் கிரிக்கெட் ஆடியதாக அவர் சொன்னது பதிவாகியிருக்கிறது. கணக்குப் பார்த்தால் அது 1550 வாக்கில் வரும். கென்ட், சசெக்ஸ், சர்ரே மூன்றிலும் சிறுவர்களும் பிறகு கிராமத்து ஆட்களும் ஆடிவந்த விளையாட்டு அது. 1660இல் இரண்டாம் சார்ல்ஸ் மன்னராகத் திரும்பிய பிறகு பிரபுக்களிடையே சூதாட்டம் பெருகியது. குதிரைப் பந்தயம், குத்துச்சண்டை, சேவல் சண்டை வரிசையில் கிரிக்கெட்டும் சேர்ந்தது. 1697இலேயே சசெக்ஸில் அணிக்குப் பதினொரு பேர் வைத்து, பக்கத்துக்கு 50 கினி பந்தயத்தில் ஒரு பெரிய ஆட்டம் நடந்ததாகப் பத்திரிகைச் செய்தி இருக்கிறது. 1702இல் முதலாம் ரிச்மண்ட் டியூக், அரண்டெல் ஊர்க்காரர்களோடு ஆடினார். அன்று வாங்கிய பிராந்திக்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று எழுதிய ரசீது தங்கியிருக்கிறது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்த்துவிடலாம். முதலாம் ரிச்மண்ட் டியூக், இரண்டாம் சார்ல்ஸ் மன்னருக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன். மன்னர் அவருக்கு டைன் நதியிலிருந்து கப்பலில் ஏறும் நிலக்கரிக்கு, ஒரு குறிப்பிட்ட அளவுக்கு ஒரு ஷில்லிங் என்று வரி வசூலிக்கும் உரிமையைக் கொடுத்தார். இந்த வருமானம் நூறு ஆண்டுக்கு மேல் அந்தக் குடும்பத்துக்கு வந்துகொண்டிருந்தது. லண்டனில் குளிர்காலத்தில் அடுப்பு மூட்டிய ஏழைக் குடும்பமும் குட்வுட்டுக்குப் பங்கு செலுத்தியது. மற்றப் பிரபுக்களுக்கு நில வாடகையும் அரசாங்கப் பதவிகளும் இருந்தன. பின்னால் வந்த ஹாம்பிள்டன் கிளப்பின் முக்கியஸ்தர் பிலிப் டெஹானியின் குடும்பம் ஜமைக்காவில் தோட்டங்கள் வைத்திருந்தது. அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரைப் பணம் அது. மைதானத்தின் பச்சைப் புல்லைப் பற்றி எழுதுபவர்கள் இதையும் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதல் தலைமுறையில் மூன்று பேர் முக்கியமானவர்கள். ரிச்மண்ட் டியூக், ஃபெர்ல் ஊரின் சர் வில்லியம் கேஜ், கென்ட்டில் ஹாரியட்ஷம் ஊரின் எட்வின் ஸ்டெட். மூவரும் மாறி மாறி மோதிக்கொண்டார்கள். 1725 ஜூலையில் கேஜ் டியூக்குக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. நேற்று வெட்கக்கேடாகத் தோற்றுப்போனேன், இந்த வருஷத்தின் முதல் ஆட்டமே அது, மனம் நொந்து கிடக்கிறேன் என்கிறார். ஆனாலும் செவ்வாய்க்கிழமை உங்களை எதிர்க்கத் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு வருவேன், கிரிக்கெட் ஆட்டம் தவிர மற்ற எல்லாவற்றிலும் உங்களுக்கு வெற்றி கிடைக்கட்டும் என்று முடிக்கிறார். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய கடிதம் என்றே தோன்றாது. தோல்வி அந்த மனிதரை உண்மையாகவே வாட்டியிருக்கிறது.

தோல்வி வாட்டும்போது தகராறும் வரும். ஸ்டெட்டின் அணிக்கும் சிங்ஃபோர்ட் அணிக்கும் 1724இல் நடந்த ஆட்டத்தில், தோற்கும் நிலையில் இருந்த சிங்ஃபோர்ட்காரர்கள் தொடர்ந்து ஆட மறுத்தார்கள். விஷயம் நீதிமன்றம் போனது. மிச்ச ஆட்டத்தை ஆடி முடித்துப் பந்தயத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று தலைமை நீதிபதி திருப்பி அனுப்பினார்.

1731 ஆகஸ்ட் 23 அன்று ரிச்மண்ட் கிரீனில் நடந்தது இன்னும் மோசம். டியூக்கின் அணிக்கும் மிடில்செக்ஸைச் சேர்ந்த சேம்பர்ஸ் என்பவரின் அணிக்கும் 200 கினி பந்தயம். டியூக் தாமதமாக வந்தார். ஆட்டமும் தாமதமாகத் தொடங்கியது. மாலை ஏழு மணிக்கு முடிக்க வேண்டும் என்பது பேச்சு. ஏழு மணி அடித்தபோது சேம்பர்ஸ் அணிக்கு இன்னும் பத்து ரன்கூடத் தேவைப்படவில்லை, கையில் விக்கெட்டுகளும் இருந்தன. நேரம் முடிந்துவிட்டது என்று ஆட்டம் நிறுத்தப்பட்டதும் கூட்டம் பொங்கிவிட்டது. டியூக்கின் ஆட்கள் சிலருடைய சட்டையை முதுகிலிருந்து கிழித்தெறிந்ததாகப் பத்திரிகை எழுதியது. சட்டை கிழிந்தவர்கள் ஆட்டக்காரர்கள். தாமதமாக வந்தது எஜமானர்.

இப்படிப்பட்ட அனுபவங்கள் சேரச் சேர விதிகளின் பட்டியல் நீண்டது. 1710ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டப்படி பத்து பவுண்டுக்கு மேல் கட்டிய பந்தயத்தை நீதிமன்றத்தின் துணையோடு வசூலிப்பதும் சிக்கலாக இருந்தது. அப்படியானால் ஆட்டத்துக்குள்ளேயே தீர்ப்புச் சொல்லும் ஒருவர் வேண்டும், அவர் சொல்லை இரண்டு பக்கமும் ஏற்க வேண்டும். 1727இல் தகராறு வந்தால் முடிவு செய்பவர்கள் டியூக்கும் பிராட்ரிக்கும்தான். 1744இல் எழுதப்பட்ட சட்டங்களில் அவுட்டா இல்லையா, நியாயமான ஆட்டமா இல்லையா என்பதற்கெல்லாம் நடுவர்களே முழுப் பொறுப்பு. 17 வருஷத்தில் பிரபுவின் கையிலிருந்து அந்த அதிகாரம் நடுவரிடம் போய்விட்டது. கிரிக்கெட் வரலாற்றில் இதைவிடப் பெரிய மாற்றம் குறைவு. பிரபுக்களே அதைச் செய்தார்கள். எதிராளியான இன்னொரு பிரபுவின் வார்த்தையை நம்பி ஆயிரம் பவுண்ட் கட்ட யாரும் தயாராக இல்லை என்பதே காரணம்.

ஆயிரம் பவுண்ட் என்பது மிகையில்லை. ஹனோவரில் பிறந்து 1728இல் இங்கிலாந்து வந்த வேல்ஸ் இளவரசர் ஃப்ரெடரிக், 1735இல் மிடில்செக்ஸ் ஏர்லோடு அந்தத் தொகைக்குப் பந்தயம் கட்டினார். ஜெர்மானியப் பின்னணி கொண்ட இளவரசருக்கு ஆங்கில மக்களோடு கலந்து பழக கிரிக்கெட் ஒரு வழி. 1733இல் அவர் ஒரு வெள்ளிக் கோப்பை பரிசளித்தார். கிரிக்கெட்டில் கோப்பை கொடுத்ததாகத் தெரியும் முதல் சம்பவம் அது. ரிச்மண்ட் டியூக்குக்கோ அரசியலும் கிரிக்கெட்டும் ஒன்றாகவே கலந்திருந்தன. 1741இல் அமைச்சர் நியூகாசில் டியூக்குக்கு அவர் எழுதிய கடிதங்களில் சசெக்ஸ் தேர்தல் பேச்சுக்கு நடுவே ஸ்லிண்டன் என்ற குட்டிக் கிராமத்து அணி வந்துவிடும். அந்த அணிக்கு அவர்தான் புரவலர். சர்ரே மாவட்டம் கிட்டத்தட்ட முழுவதையும் எதிர்த்து என் ஏழை ஸ்லிண்டன் ஆடப்போகிறது என்று ஒரு கடிதம். கிட்டத்தட்ட ஒரே இன்னிங்ஸில் சர்ரேயைத் தோற்கடித்துவிட்டோம் என்று அடுத்த கடிதம்.

1744 ஜூன் 18 அன்று லண்டன் ஆர்ட்டிலரி மைதானத்தில் கென்ட்டும் அகில இங்கிலாந்து அணியும் மோதின. அந்த ஆட்டத்தின் ஸ்கோர் அட்டை இன்றும் இருக்கிறது. இங்கிலாந்து 40, 70. கென்ட் 53, பிறகு ஒன்பது விக்கெட் இழந்து 58. ஒரு விக்கெட் வித்தியாசத்தில் கென்ட் வெற்றி. கென்ட் அணியில் நோல் மாளிகையின் தோட்டக்காரர் வால் ரோம்னி இருந்தார். அந்த மாளிகையின் டோர்செட் டியூக்குடைய மகன் லார்ட் ஜான் சாக்விலும் இருந்தார். ஸ்லிண்டனின் நட்சத்திர ஆட்டக்காரர் ரிச்சர்ட் நியூலண்டைக் கேட்ச் பிடித்தது அந்த லார்ட்தான். எதிரணியில் தாமஸ் வேமார்க். ஒரு காலத்தில் ரிச்மண்ட் டியூக்கின் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர், 1730களில் நாட்டிலேயே சிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கியவர். கடைசி ஜோடி சில ரன்களுக்காகத் திணறிக்கொண்டிருந்தபோது கைக்கு வந்த கேட்சை வேமார்க் தவறவிட்டார். அதோடு கதை முடிந்தது. கினியைப் பணயம் வைத்தவர் யாரோ. கேட்சை விட்டவர் என்று பெயர் நிற்பது குதிரைக்காரருக்கு.

சரி, பிரபுவும் தோட்டக்காரரும் ஒரே அணியில் ஆடினார்களே, அது சமத்துவம் இல்லையா? இருபதாம் நூற்றாண்டு ஆங்கில வரலாற்றாசிரியர் ஒருவர், பிரெஞ்சுப் பிரபுக்கள் தங்கள் குடியானவர்களோடு கிரிக்கெட் ஆடியிருந்தால் புரட்சியில் அவர்களுடைய மாளிகைகள் எரிந்திருக்காது என்று எழுதினார். அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் வாக்கியம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வாய் திறந்தால் வெளியே என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட மைதானம் அது. பந்து எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் வந்தது, உண்மை. ஆனால் ஆட்டம் முடிந்ததும் ஒருவர் மாளிகைக்குள் போனார், இன்னொருவர் அவர் குதிரையைக் கட்டப் போனார்.

கேஜ் 1744இல் இறந்தார். ரிச்மண்ட் டியூக் 1750இல், இளவரசர் ஃப்ரெடரிக் 1751இல். ஸ்டெட் அதற்கு முன்பே, 1735இல், முப்பத்தைந்து வயதை எட்டாமல், கடனோடு போய்ச் சேர்ந்திருந்தார். 1756இல் ஏழாண்டுப் போர் தொடங்கியது. பெரிய ஆட்டங்கள் சட்டென்று குறைந்தன. சில தனிமனிதர்களின் ஆசையில் நின்ற ஆட்டம், அவர்கள் போனதும் தள்ளாடியது. வேமார்க் போன்றவர்களுக்கு ஆட்டம் தந்த பிழைப்புக்கு எந்தப் பத்திரமும் கிடையாது.

இரண்டாம் தலைமுறை 1760களில் வந்தது. ஹாம்ப்ஷயரில் ஹாம்பிள்டன் கிராமத்தை ஒட்டிய பிராட்ஹாஃப்பென்னி மேட்டில் ஒரு கிளப் எழுந்தது. அதை எதிர்த்து அணி திரட்டியவர்களில் மூன்று பேரைச் சொல்ல வேண்டும். மூன்றாம் டோர்செட் டியூக் ஜான் ஃப்ரெடரிக் சாக்வில், அதாவது 1744இல் கேட்ச் பிடித்த லார்ட் ஜானின் மகன். கேன்டர்பரி பக்கத்தில் பிஷப்ஸ்போர்னில் சொந்த மைதானமே வைத்திருந்த சர் ஹொரேஸ் மேன். வால்டனில் இருந்த நான்காம் டேங்கர்வில் ஏர்ல்.

இவர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது. நல்ல ஆட்டக்காரருக்கு வீட்டில் ஒரு வேலை கொடுத்துவிடுவது. லம்பி என்று பெயர்பெற்ற பந்து வீச்சாளர் எட்வர்ட் ஸ்டீவன்ஸ், டேங்கர்விலின் தோட்டக்காரர். வில்லியம் பெட்ஸ்டர் அவருடைய பட்லர். நோல் மாளிகைத் தோட்டத்தில் ஜான் மின்ஷல். 1769 ஆகஸ்ட் 31 அன்று டோர்செட் அணிக்காக ரோதம் ஊரை எதிர்த்து இவர் எடுத்த 107 ரன்தான், பதிவான ஆட்டங்களில் நமக்குத் தெரிந்த முதல் சதம். வருஷம் முழுவதும் கூலி, தங்க இடம், கோடையில் கிரிக்கெட். கிராமத்து உழைப்பாளிக்கு அது பெரிய விஷயம். குளிர்காலத்தில் வேலை கிடைக்காத பயம் போய்விடும்.

ஜேம்ஸ் ஐல்வர்ட் விஷயத்தில் இந்த ஏற்பாட்டின் இரண்டு முகமும் தெரியும். 1777 ஜூன் மாதம் செவனோக்ஸில் ஹாம்பிள்டனும் இங்கிலாந்தும் 1,000 கினி பந்தயத்துக்கு ஆடின. ஐல்வர்ட் புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு மட்டையோடு இறங்கினார். அவுட் ஆனது வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பிறகு. 167 ரன். ஹாம்பிள்டன் 403 எடுத்து, ஒரு இன்னிங்ஸும் 168 ரன்னும் வித்தியாசத்தில் ஜெயித்தது. சும்மா விடுவாரா மேன்? இரண்டு வருஷத்துக்குள் ஐல்வர்ட் கென்ட்டில் அவருடைய பண்ணைக் காரியஸ்தர். காரியஸ்தர் வேலையில் அவர் சுமார்தான் என்று அந்தக் காலத்தவர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்த வேலைக்காகவா அவரை அழைத்தார்கள்! ஐல்வர்ட்டுக்கு வாழ்க்கை நிலைத்தது. வளர்த்துவிட்ட ஹாம்பிள்டனுக்கோ தன் ஆள் எதிரணியில்.

எல்லோரும் அப்படிப் போகவில்லை. பீட்டர்ஸ்ஃபீல்டில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்து, பிறகு பந்தும் மட்டையும் செய்து பிழைத்த ஜான் ஸ்மால், ஹாம்பிள்டனின் மிகச் சிறந்த மட்டைக்காரர். வயலின் வாசிப்பார். இதைக் கேள்விப்பட்ட டோர்செட் டியூக், ஓர் அழகான வயலினை வண்டிக் கூலியும் தானே கட்டி அவருக்கு அனுப்பி வைத்தார். ஸ்மால் பதிலுக்கு இரண்டு மட்டைகளும் பந்துகளும் டியூக்குக்கு அனுப்பினார். வண்டிக் கூலியை அவரும் கட்டினார். அந்தக் கூலியைக் கட்டியதில்தான் விஷயம் இருக்கிறது. கைத்தொழில் தெரிந்த மனிதர், யாருடைய வீட்டிலும் வேலைக்கு இல்லாதவர், டியூக்கிடமிருந்து பரிசு வாங்கினார். அதைக் கடனாக வைத்துக்கொள்ளவில்லை.

அதே ஸ்மால் இன்னொரு காகிதத்திலும் வருகிறார். 1771 செப்டம்பரில் செர்ட்சி அணியோடு நடந்த ஆட்டத்தில், ரைகேட் ஊரின் ஒயிட் என்பவர் விக்கெட்டையே மறைக்கும் அகலத்தில் ஒரு மட்டையோடு இறங்கினார். அதைத் தடுக்கும் விதி எதுவும் அப்போது இல்லை. ஆட்டத்தை ஒரே ரன்னில் ஹாம்பிள்டன் ஜெயித்தது. ஜெயித்த பிறகும் மூன்று பேர் உட்கார்ந்து, இனி மட்டையின் அகலம் நாலேகால் அங்குலம்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். வேகப்பந்து வீச்சாளர் தாமஸ் பிரெட், சத்திரம் நடத்திய ரிச்சர்ட் நைரன், ஜான் ஸ்மால். மூவரில் ஒருவர்கூடப் பிரபு கிடையாது. 1727இல் ஆட்டக்காரர் கருத்துச் சொன்னால் வெளியேற்றம். 44 வருஷம் கழித்து ஆட்டக்காரர்களே விதி எழுதுகிறார்கள். 1774 பிப்ரவரி 25 அன்று லண்டன் பால் மாலில் ஸ்டார் அண்ட் கார்ட்டர் விடுதியில் பிரபுக்கள் கூடி சட்டத்தைத் திருத்தியபோது நாலேகால் அங்குலம் அப்படியே உள்ளே போனது. இன்று டெஸ்ட் ஆட்டத்தில் பிடிக்கும் மட்டைக்கும் அதுதான் உச்ச அகலம்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவரைச் சென்னைக்காரர்கள் தெரிந்துகொள்ளலாம். சர் வில்லியம் டிரேப்பர். 1758 கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி மெட்ராஸை முற்றுகையிட்டபோது, புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து படையோடு வெளியேறிப் போய்த் தாக்கியவர் அவர். கருப்பர் நகரத் தெருக்களில் சண்டை போட்ட அதிகாரி, பதினைந்து வருஷம் கழித்து விக்கெட்டுக்குப் போகும் பந்தைக் காலால் தடுத்தால் அவுட் என்னும் எல்.பி.டபிள்யூ விதியை முதன்முதலாக எழுதிச் சேர்த்த கூட்டத்தில் தலைவர் நாற்காலியில் இருந்தார். டோர்செட், டேங்கர்வில், மேன், டெஹானி எல்லோரும் உடன் இருந்தார்கள். பந்தயங்களை எப்படித் தீர்ப்பது என்பதற்கும் அந்தச் சட்டங்களில் இடம் இருந்தது.

மறு வருஷமே அடுத்த திருத்தத்துக்கான காரணம் வந்தது. அப்போது விக்கெட்டுக்கு இரண்டே ஸ்டம்ப். 1775 மே மாதம், ஐவர் ஆடும் ஓர் ஆட்டத்தில் லம்பி வீசிய பந்து மூன்று முறை ஸ்மாலின் இரண்டு ஸ்டம்புகளுக்கு நடுவே புகுந்து போனது. ஸ்டம்புகளின் மேல் வைக்கும் பெயில் கட்டை அசையவில்லை, ஸ்மால் ஆடி ஜெயிக்க வைத்தார். நல்ல பந்துக்கு விக்கெட் கிடைக்காதது அநியாயம் என்று பேச்சு எழுந்து, நடுவில் மூன்றாவது ஸ்டம்ப் வந்தது. ஒரு தோட்டக்காரரும் மட்டை செய்பவரும் மோதியதில் பிறந்தது அது.

1780களில் பிரபுக்களின் கவனம் லண்டனுக்குத் திரும்பியது. கிராமத்து மேடுகளுக்குக் குதிரையில் போவதைவிட நகரத்திலேயே ஆடுவது சௌகரியம். வின்சில்சி ஏர்லும், இரண்டாம் ரிச்மண்ட் டியூக்கின் பேரன் சார்ல்ஸ் லெனாக்ஸும், தங்கள் கிளப்பில் பந்து வீசிக்கொடுத்த தாமஸ் லார்டிடம் ஒரு தனி மைதானம் ஏற்பாடு செய்யச் சொன்னார்கள்; நஷ்டம் வந்தால் தாங்கள் ஈடு செய்வதாக உறுதி கொடுத்தார்கள். 1787இல் மைதானம் திறந்தது. எம்.சி.சி. என்ற மேரிலிபோன் கிரிக்கெட் கிளப் பிறந்தது அதே வருஷம். 1788இல் சட்டத்தைத் திருத்தும் பொறுப்பை அந்த கிளப் எடுத்துக்கொண்டது, இன்றுவரை அதுதான் வைத்திருக்கிறது. தனித்தனி மாளிகைகளில் இருந்த புரவலர் பதவி இப்படி ஒரு கிளப்புக்கு மாறியது. புரவலர் இறந்தால் ஆட்டம் படுத்துவிடும் என்ற பழைய பலவீனம் இதில் தீர்ந்தது. ஹாம்பிள்டன் மட்டும் மெல்ல வற்றியது. 1796 செப்டம்பரில் அதன் குறிப்பேட்டின் கடைசிப் பதிவு: கனவான்கள் யாரும் வரவில்லை.

புரவலர்கள் ஒவ்வொருவரும் வெவ்வேறு முடிவைக் கண்டார்கள். டோர்செட், பிரான்ஸில் தூதராக இருந்து 1789 புரட்சியோடு திரும்பி, மனநலம் குன்றி 1799இல் இறந்தார். ஆனால் 1773இல் அவர் செவனோக்ஸ் ஊருக்குக் கொடுத்த வைன் மைதானத்தில் இன்னமும் கிரிக்கெட் நடக்கிறது. லெனாக்ஸ் பின்னாளில் நான்காம் ரிச்மண்ட் டியூக் ஆனார். வாட்டர்லூ போருக்கு முன் பிரஸ்ஸல்ஸில் நடந்த புகழ்பெற்ற நடன விருந்து அவர் வீட்டில்தான். கனடாவில் ஆளுநராக இருந்தபோது நரி கடித்து, வெறிநோயால் 1819இல் மாண்டார்.

அடுத்து வந்தவர் லார்ட் ஃப்ரெடரிக் பிக்லர்க், பாதிரியார். கிரிக்கெட் பந்தயத்தில் வருஷத்துக்கு 600 கினி வருகிறது என்று அவரே சொல்லிக்கொண்டார். காகிதத்தில் அவர் கனவான் ஆட்டக்காரர். ஒரு ஆட்டத்துக்குச் சில கினி வாங்கிய தச்சரும் சத்திரக்காரரும் கூலி ஆட்டக்காரர்கள். இந்த இரண்டு வகையினரையும் எதிரெதிராக நிறுத்தி 1806இல் தாமஸ் லார்டின் மைதானமான லார்ட்ஸில் ஓர் ஆட்டம் தொடங்கியது. தோட்டக்காரரும் லார்டும் ஒரே பக்கம் ஆடிய 1744இலிருந்து பார்த்தால் இது பின்னோக்கிப் போன அடி. எழுத்தில் கோடு போட்டு இரண்டு ஜாதியாகப் பிரித்துவிட்டார்கள். தனித்தனி வாசல், தனித்தனி உடை மாற்றும் அறை என்று அந்தக் கோடு நீண்டது. 1962இன் கடைசியில்தான் எம்.சி.சி. அந்தப் பாகுபாட்டை எடுத்தது. அடுத்த கோடையிலிருந்து எல்லோரும் வெறும் கிரிக்கெட் ஆட்டக்காரர்கள்.